கண்மாய் காய்ந்திருக்கும்போதே ஊருக்கு வா

புதுக்கோட்டை,
புரட்டாசி முதல் வாரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் பேத்தியிடம் பள்ளிக்கூடத்தில் சொந்த மாவட்டத்தைப் பற்றி எழுதி வரச் சொன்னார்கள் என்றும், உனக்கு நாலு வரிக்கு மேல் சொல்ல வரவில்லை என்றும் வருத்தப்பட்டிருந்தாய். அந்த நாலு வரியும் சரிதான். தொண்டைமான்கள் ஆண்ட சமஸ்தானம், 1948 மார்ச் 3ஆம் தேதி இந்தியாவோடு இணைந்தது, திருச்சியோடு இருந்தது, 1974 ஜனவரி 14 அன்று தஞ்சையின் சில பகுதிகளையும் சேர்த்துக்கொண்டு தனி மாவட்டமானது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு நான் சொல்வதாக இருந்தால் தண்ணீரிலிருந்துதான் தொடங்குவேன்.

போன வாரம் நம் ஊர்க் கண்மாய்க்குள் இறங்கி நடந்தேன். ஒரு சொட்டு நீர் இல்லை. கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இரண்டு கல்தூண்கள் நிற்குமே, தண்ணீர் நிறைந்திருக்கும்போது அதன் உச்சியில் ஏறி நாம் குதிப்போமே, அந்தக் குமிழியை, அதாவது கண்மாயிலிருந்து வயலுக்கு நீர் திறந்துவிடும் மடையை, முதல் முறையாக அடிவரை பார்த்தேன். தூண்களுக்கு நடுவே தரையில் ஒரு கல்தொட்டி. அதன் மூடுபலகையில் பெரிய துளை, கீழே பக்கவாட்டில் சின்னத் துளைகள். மேலே இருப்பது நீரோடித் துளை, கீழே இருப்பவை சேறோடித் துளைகள். மேல் துளையை அடைத்திருக்கும் கட்டையைத் தூக்கினால் தண்ணீர் உள்ளே பாயும். அந்த இழுப்பில் அடியில் படிந்த சேறும் கலங்கிக் கரைக்கு அடியிலுள்ள சுரங்கக் கால் வழியாக வயலுக்குப் போய்விடும். பயிருக்கு நீரும் வண்டலும் ஒரே வழியில் போகின்றன, கண்மாயும் தூர்ந்துபோவதில்லை. இதைச் சோழர், பாண்டியர் காலத்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் பல குமிழித் தூண்களில் அதை நட்டுக் கொடுத்தவரின் பெயரே கல்வெட்டாக இருக்கிறது. நம் ஊர்த் தூணில் எழுத்து எதுவும் தெரியவில்லை. கையால் தடவித் தடவிப் பார்த்தேன்.

நமக்கு ஏன் இத்தனை கண்மாய்கள் என்று சின்ன வயதில் கேட்டதே இல்லை. பக்கத்துத் தஞ்சையில் காவிரி ஓடுகிறது. இங்கே கல்லணைக் கால்வாயின் கடைமடை மட்டும் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கம் வருகிறது. மற்றதெல்லாம் வானம் பார்த்த பூமி. வெள்ளாறும் மழை பெய்தால்தான் ஆறு. அதனால் சரிவு பார்த்துக் கரை போட்டு, ஒன்று நிரம்பினால் மிஞ்சும் நீர் வழிந்தோடும் கலிங்கு வழியாக அடுத்ததற்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்திருக்கிறார்கள்.

சித்தன்னவாசலுக்குப் போனமாதம் மீண்டும் போய் வந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போனபோது ஏழடிப்பட்டம் குகையின் கற்படுக்கைகளில் படுத்துப் பார்த்ததற்காக அடி வாங்கியது நினைவிருக்கிறதா? சமணத் துறவிகள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தங்கிய இடம் அது, தமிழ் பிராமி எழுத்தும் இருக்கிறது. இந்த முறை அங்கே பாறையைக் குடைந்து செய்த சமணக் கோயிலான அறிவர் கோயிலின் விதானத்தையே நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே வரைந்திருப்பது ஒரு குளம்! தாமரை, மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. சமணத்தில் அந்தத் தாமரைக் குளத்துக்குத் தனிப் பொருள் உண்டு. எனக்கோ வெயில் காயும் அந்தப் பாறைக்குள் தலைக்கு மேல் நிறைந்த குளம் ஒன்றைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது. வண்ணம் நிறைய உதிர்ந்துவிட்டது. பேத்தியை அழைத்துவர நாள் கடத்தாதே.

நார்த்தாமலையில் சுனைக்கு அடியில் பாறையைக் குடைந்து ஒரு லிங்கம் இருக்கிறது. தண்ணீரை இறைத்தால்தான் சாமியைப் பார்க்க முடியும். கொடும்பாளூர், திருமயம் கோட்டை, குடுமியான்மலை இசைக் கல்வெட்டு எல்லாம் நீ வரும்போது சுற்றிக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரி சைக்கிள் கற்ற கதையையும் பேத்திக்குச் சொல். 90களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். விவசாயக் கூலிப் பெண்கள், கல்லுடைக்கும் பெண்கள், ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். என் அம்மா முதலில் முகம் சுளித்தார். மருமகள் சைக்கிளில் இரண்டு குடம் கட்டி ஒரே நடையில் தண்ணீர் கொண்டுவந்த அன்று வாய் பேசவில்லை. மறுநாள் தன் குடத்தையும் எடுத்து வாசலில் வைத்துவிட்டார்.

வருத்தமான செய்தியும் உண்டு. கீரமங்கலம், வடகாடு பக்கம் 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த பலாவையும் தென்னையையும் நீ படத்தில்தான் பார்த்தாய். நான் மறுநாள் அங்கே நின்றேன். தாத்தா வைத்த பலாமரத்தின் வேரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. மேற்கே தைல மரக் காடுகளைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. அவை நீரை உறிஞ்சுவது ஒரு பக்கம், அங்கே வெட்டிய வரப்புகள் மழைநீரைக் கண்மாய்க்கு வரவிடுவதில்லை என்பது இன்னொரு பக்கம். வரத்துக்கால் அடைபட்டால் குமிழி எவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்?

நம் ஊர் இளைஞர்கள் இப்போது பணம் திரட்டிக் கண்மாயைத் தூர்வாருகிறார்கள். நானும் கொடுத்திருக்கிறேன், உன் பங்கையும் சொல்லி வைத்திருக்கிறேன். ஐப்பசி பிறந்தால் மழை பிடித்துவிடும், குமிழி மூழ்கிவிடும். அதற்குள் பேத்தியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. தொட்டிக்குள் அவளை இறக்கிவிட்டு அந்தத் துளைகளில் கையை விட்டுப் பார்க்கச் சொல்வோம். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பழைய கூட்டாளி