மனித அசைவு விஞ்ஞானத்தை விஞ்ஞான தொழினுட்பத் துறையாக அங்கீகரிக்கக் கோரும் மனு

தலைவர்,
பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு,
வார்ட் பிளேஸ், கொழும்பு 07.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் உடற்கல்வி கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து இம்மனுவை எழுதுகிறோம். மனித உடல் எப்படி அசைகிறது, அப்போது மூட்டுகளும் தசைகளும் எவ்வளவு விசை தாங்குகின்றன என்று அளந்து ஆராயும் மனித அசைவு விஞ்ஞானத்தை விஞ்ஞான தொழினுட்பத் துறைகளில் ஒன்றாக ஏற்று, ஆய்வு மானியத்திலும் ஆய்வுகூட வசதியிலும் மாணவர் அனுமதியிலும் அதற்குரிய இடத்தைத் தர வேண்டுகிறோம்.

வடக்கின் பிள்ளைகள் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனைகள் படைத்தது தாங்கள் அறிந்ததே. அந்தப் பாய்ச்சல் முழுக்கப் பௌதிகவியல். ஓடிவருபவரின் இயக்கசக்தி, கோல் வளையும்போது அதில் சேர்ந்து, நிமிரும்போது அவரை மேலே தூக்குகிறது. விநாடிக்கு 8 மீற்றர் வேகத்தில் வருபவரின் சக்தி முழுவதும் உயரமாக மாறினால், உடலின் புவியீர்ப்பு மையம் ஏறத்தாழ 3.3 மீற்றர் எழும். வேகம் 8.5 மீற்றரானால் அது 3.7 மீற்றர். அரை மீற்றர் வேகத்துக்கு 40 சென்ரிமீற்றர் உயரம்! ஊன்றும் கணத்தில் எவ்வளவு சக்தி வீணாகிறது என்று அறிய அதிவேகக் கமராவும், கால் நிலத்தில் ஊன்றும் விசையை அளக்கும் விசைத் தட்டும் வேண்டும், அவற்றைக் கையாளப் படித்தவரும் வேண்டும். நாங்களோ கண்ணால் பார்த்துத்தான் திருத்துகிறோம். பிழை பிடிபடுவதற்குள் சில பிள்ளைகளுக்கு முதுகுவலி வந்துவிடுகிறது.

விளையாட்டோடு இது முடிவதில்லை. போரில் காலை இழந்தவர்கள் எங்கள் ஊர்களில் நிறையப் பேர். செயற்கைக் கால் சரியாகப் பொருந்தாமல் சாய்ந்து நடந்தால், நல்ல காலின் மூட்டுக்கும் இடுப்புக்கும் சுமை கூடும். நடையை அளந்தால் அதைச் சீராக்கலாம். பனையேறும் தொழிலாளி, வெங்காயத் தோட்டத்தில் குந்தியிருந்தே களை பிடுங்கும் பெண்கள், கரைவலை இழுப்பவர்கள் ஆகியோரின் உடலில் எந்த மூட்டு எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று அளந்தால்தான் அவர்களுக்கேற்ற கருவி செய்ய முடியும். எங்களைக் கேட்டால், இத்துறையின் முதல் வேலையே இதுதான்.

தசையில் வெப்பம் உண்டாவதை ஆராய்ந்த பிரித்தானிய உடற்றொழிலியலாளர் ஏ. வி. ஹில்லுக்கு 1922ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலும் சபரகமுவப் பல்கலைக்கழகம் விளையாட்டு விஞ்ஞானத்தைப் பிரயோக விஞ்ஞான பீடத்தில் வைத்தே கற்பிக்கிறது. அப்படியிருந்தும், உயர்தரத்தில் கணிதமோ உயிரியலோ படித்த பிள்ளை இத்துறைக்குப் போக விரும்பினால், "விளையாட்டைப் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்றுதான் வீட்டில் கேட்கிறார்கள். ஆணைக்குழுவே எழுத்தில் அங்கீகரித்தால் அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் சொல்ல முடியும்.

ஆகவே அந்த அங்கீகாரத்தை அறிவித்து, வடக்கில் ஓர் அசைவு ஆய்வுகூடம் அமைக்க நிதி ஒதுக்குமாறும், எங்களை நேரில் சந்திக்க ஒரு நாள் தருமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
உடற்கல்வி ஆசிரியர்கள்,
யாழ்ப்பாணம்.