மாணிக்கத்த யாருக்கும் குடுக்குறதா இல்ல

தம்பி,

நேத்து நீ வாட்சப்புல போட்டது பாத்தேன். பாயான் லெப்பாஸ்ல இருக்குற உன் கூட்டாளி வந்து நீ வளத்த லெப்பர்ட் கெக்கோ பல்லியையும் அதோட கண்ணாடி டேங்கையும் எடுத்துக்குவான், அப்பாவுக்கு இனிமே தொல்ல இல்லன்னு எழுதியிருக்க. போன் போட்டா வேல இருக்குப்பான்னு வச்சிருவ, அதான் ஒக்காந்து எழுதுறேன்.

நீ மெல்பர்னுக்குக் கெளம்புறப்ப அத எங்க தலையில கட்டிட்டுப் போனது எனக்குக் கோவம்தான். அந்த நாட்டுல வெளிநாட்டுப் பல்லி, பாம்பெல்லாம் வீட்டுல வளக்க விடமாட்டாங்கன்னு நீ சொன்னப்ப, செவுத்துல ஓசியில ஓடுறத விட்டுட்டு வெள்ளி குடுத்துப் பல்லி வாங்குனவன் நீ ஒருத்தன்தான்னு அம்மா திட்டுனா. இப்ப அவதான் ராத்திரி அந்த ரூம்ல ஏர்கோன் போட விடமாட்டேங்குறா, வயிறு குளுந்தா அதுக்குத் தின்னது செரிக்காதாம். பினாங்கு வெயிலுக்கு எதுக்குடா டேங்குக்கு அடியில சூடு குடுக்குற ஹீட் மேட்டுன்னு நான் சிரிச்சேன்ல, இப்ப தெனம் குனிஞ்சு ஒரு பக்கம் 32 டிகிரி இருக்கா, மறுபக்கம் 28 தாண்டாம இருக்கான்னு பாக்குறவன் நானு. நீ வச்ச இங்கிலீஷ் பேரு வாயில நொழையல, மாணிக்கம்னுதான் கூப்புடுறோம். எந்தப் பேருக்கும் அது திரும்பாது, அது வேற.

சாப்பாட்டுக்கு ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி செங்கரிக், அதான் சில்வண்டுப் பூச்சி. மாணிக்கத்தோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல உள்ள எடத்த விடப் பெருசு போடக்கூடாதுன்னு நீ சொன்னதால கடைக்காரன்கிட்ட சின்னதாப் பாத்துக் கேட்டு வாங்குறேன், அவன் என்னைய ஒரு மாதிரி பாக்குறான். மொத நாளே பூச்சிக்குக் காரட்டுத் துண்டு போட்டு வச்சு, அப்புறம் பையில கால்சியம் பவுடரோட போட்டுக் குலுக்குனா, ஒடம்பு பூரா திருநீறு பூசிக்கிட்டுத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போற கூட்டம் மாதிரி வெளிய வருதுங்க. திங்காம விட்டத ஒண்ணு விடாம எடுத்துடுவேன், ராத்திரியில மாணிக்கத்தையே கடிச்சு வச்சிரும்.

இன்னொன்னு, உன்கிட்ட சொல்லாம மறச்சது. மூணு மாசத்துக்கு முன்னாடி அது போயி ஒளியறதுக்கு டேங்குல வச்ச ஐஸ்கிரீம் டப்பால ஈர டிஷ்யூ வைக்கிறத நிறுத்திட்டேன். மழக்காலம், வீடே நசநசன்னு இருக்கு, இதுக்கு மேல என்ன ஈரம்னு நெனச்சேன். அது பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து காஞ்ச பூமிப் பல்லி, மத்த நேரம் காய்ஞ்சே கெடக்கும், ஆனா தோல் உரிக்கிறப்ப மட்டும் ஈரமான பொந்து வேணும்னு எனக்கு வெளங்கல. ஒடம்பெல்லாம் வெள்ளையாகித் தோல உரிச்சுத் தின்னுடுச்சு, வெரல்ல மட்டும் நூல் கட்டுன மாதிரி ஒட்டி நின்னுருச்சு. கண்ணாடி போடாம பாத்தேன், தெரியல. ரெண்டு நாள் கழிச்சு அம்மாதான் பாத்து கத்துனா. வெதுவெதுன்னு தண்ணில கால் முங்குற அளவுக்கு நிக்க வச்சு, காது கொடையுற பட்ஸால மெதுவா எடுத்தோம். பின்னங்கால்ல ஒரு வெரல் நுனி மட்டும் கறுத்துப்போயி விழுந்துருச்சு. வாலு மாதிரி வெரல் மொளைக்காதாமே. நல்லா நடக்குது, திங்குது, வாலும் கொழுகொழுன்னுதான் இருக்கு, ஆனாலும் அந்தக் கால பாக்குறப்பெல்லாம் எனக்கு ஒரு மாதிரி ஆயிடும்.

ஐஸ்கிரீம் டப்பா இப்ப எப்பவும் ஈரமாத்தான் இருக்கு.

அம்மாவுக்கு ஒரே கொறதான், செவுத்துப் பல்லி மாதிரி இது சகுனம் சொல்ல மாட்டேங்குதாம். எனக்கு அது பகல்ல கண்ண மூடித் தூங்குறதுதான் புடிச்சிருக்கு. செவுத்துப் பல்லிக்கு எமையே கெடையாது தெரியுமா, முழிச்சுக்கிட்டே கெடக்கும். ராத்திரி தூக்கம் வராம நான் ரெண்டு மணிக்கு அந்த ரூமுக்குப் போனா, இது மட்டும்தான் முழிச்சு உலாத்திக்கிட்டு இருக்கும்.

இருவது வருசம் வரைக்கும் இருக்கும்னு சொன்னியே, இப்ப அதுக்கு நாலு, எனக்கு அறுவத்தாறு. கணக்க நீயே போட்டுக்க.

அந்தப் பையன்கிட்ட வேணாம்னு சொல்லிடு. தீபாவளிக்கு வர்றப்ப நல்ல தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வா, இங்க இருக்குறது சமயத்துல 40 காட்டுது, அம்மா பதறிப்போறா.

அப்பா