சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை 30 நாளுக்கு ஒரே தடவையில் வழங்கவும், துணை சுகாதார நிலையத்தின் சேவைக் கணக்கை வருகையால் அல்லாமல் ஆளால் எடுக்கவும் கோரும் மனு

அனுப்புநர்:
கிராம சுகாதாரம், தூய்மை மற்றும் ஊட்டச்சத்துக் குழு உறுப்பினர்கள்,
ஏரிக்கரைத் தெரு, மேட்டுத்தெரு, காலனி பொதுமக்கள்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
மாவட்ட சுகாதார அலுவலகம்.

பார்வை:
1. திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு.
2. முதல்வர் உதவி மையத்தின் 1100 எண்ணில் பதிவு செய்த புகார்.
3. ஆகஸ்ட் 15 கிராம சபைத் தீர்மானத்தின் நகல்.

ஐயா,

வணக்கம். பார்வையில் கண்ட முதலாவதற்கும் மூன்றாவதற்கும் பதில் இல்லை. இரண்டாவதற்கு மட்டும் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது, மனு ஏற்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது என்று. என்ன முடிந்தது என்பது அதில் இல்லை. ஆகவே மீண்டும் தங்கள் சமூகத்துக்கு வருகிறோம்.

எங்கள் ஊர் தங்களுக்குப் புதிதல்ல. கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தைத் தாண்டி, டிரான்ஸ்பார்மருக்கு எதிரே இருக்கும் துணை சுகாதார நிலையத்தைத் தாங்களே நேரில் ஆய்வு செய்திருக்கிறீர்கள். அன்று சுவருக்குப் புது வண்ணம் அடித்திருந்தார்கள். ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று பலகையில் புதுப் பெயரும் ஏறியிருந்தது. மருந்து அலமாரியும் நிறைந்திருந்தது. அந்த மருந்து எங்கிருந்து வந்தது, மாலையில் எங்கே போனது என்பதை இந்த மனுவில் கிளறப் போவதில்லை.

தெருவிளக்கு, கழிப்பறைக்குத் தண்ணீர், பிரசவ அறைக் கட்டில் எல்லாம் முந்தைய மனுக்களில் இருக்கின்றன. இம்முறை மாத்திரையும் அதன் கணக்கும் பற்றி மட்டும்தான் கேட்கிறோம்.

1. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை பத்து நாளுக்குத்தான் கிடைக்கிறது. மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும், அம்லோடிபின் 5 மி.கி. தினம் ஒன்று என்பது இங்கே பெரும்பாலோருக்கு எழுதும் மருந்து. ஒரு மாதத்துக்கு மெட்ஃபார்மின் 60, அம்லோடிபின் 30, ஆகப் பத்து மாத்திரை அட்டையாக ஒன்பது அட்டை வேண்டும். கையில் கிடைப்பது மூன்று அட்டை. பதினோராம் நாள் மறுபடி வர வேண்டும். அன்று துணை நிலையம் பூட்டியிருந்தாலோ, செவிலியர் தடுப்பூசிக்குப் போயிருந்தாலோ, ஆறு கிலோமீட்டர் தள்ளி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மகளிருக்கு டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை, உண்மைதான். ஆனால் அந்த பஸ் காலையில் ஒன்று, மதியத்தில் ஒன்று. காலை பஸ்ஸில் போனால் நூறு நாள் வேலைக்கு எடுக்கும் முதல் வருகைப் படத்தில் ஆள் இருக்க மாட்டார். ஒரு நாளுக்கு இரண்டு படம், இரண்டிலும் இருந்தால்தான் வருகை. 2025-26-க்கு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். மாதம் மூன்று தடவை மருந்துக்கு அலைந்தால் மூன்று கூலி போச்சு. இலவச மாத்திரைக்கு இதுதான் விலை.

இதைத் தவிர்க்க மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இரவு மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். பத்து நாள் மருந்து இருபது நாள் வருகிறது. தலை சுற்றும்போது மட்டும் பிரஷர் மாத்திரை போடுகிறார்கள். பக்கத்து வீட்டில் ஒரு அட்டை கடன் வாங்குகிறார்கள். அம்லோடிபினும், இன்னொரு பிரஷர் மருந்தான அட்டெனோலாலும் இரண்டும் சின்ன வெள்ளை மாத்திரை, அட்டையின் ஓரம் கிழிந்துவிட்டால் பெயரும் தெரியாது. ஆஸ்துமா இளைப்பு இருப்பவர் அட்டெனோலாலைப் போட்டுக்கொண்டால் மூச்சுத் திணறும். இதெல்லாம் அறியாமை என்று சுகாதாரக் கல்விக் கூட்டம் போட்டுத் தீர்க்க முடியாது. மருந்து இல்லாததால் நடப்பது இது.

2. இப்படிப் பிரித்துக் கொடுப்பதால் சேவைக் கணக்கு ஏறுகிறது. தயவுசெய்து இந்த இடத்தை நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். கணக்குக்காக 180 பேர் பதிவாகியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு தடவை 30 நாள் மருந்து கொடுத்தால் பதிவேட்டில் 180 வருகை. பத்துப் பத்து நாளாகக் கொடுத்தால் 540. மருந்தின் அளவு ஒன்றே, ஆட்களும் அதே ஆட்கள். மாத அறிக்கையில் மட்டும் துணை நிலையம் மும்மடங்கு உழைத்ததாகத் தெரியும். பாதிப் பேர் வராமல் நின்றுவிட்டாலும் 270 வருகை காட்டும். 90 பேர் மருந்தை விட்ட செய்தி அந்த எண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும்.

வீடு தேடி மருந்து கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்றது. எங்களுக்கும் அதில் பெருமைதான். ஆனால் முதல்முறை சேவை இத்தனை, தொடர் சேவை இத்தனை என்று எண்ணும்போது, தொடர் சேவை என்பது ஒரே ஆளுக்கு மாதம் ஒரு தடவையா மூன்று தடவையா என்று யாரும் கேட்பதில்லையே ஐயா?

3. மருந்து ஏன் குறைகிறது என்பதும் கணக்குக் கோளாறுதான். மருந்தாளுநர் மீது எங்களுக்கு மனக்குறை இல்லை. இருக்கிற மருந்து எல்லோருக்கும் எட்டட்டும் என்றுதான் பிரித்துக் கொடுக்கிறார். கோளாறு தேவைப்பட்டியலில் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மாவட்டக் கிடங்கிலிருந்து பாஸ்புக்கில் எழுதி எடுக்கும் முறை நல்ல முறை. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் போகிற முறை. அதில் எழுதும் எண் பிழையானால் கிடங்கு என்ன செய்யும்? இங்கே, கடந்த மூன்று மாதம் செலவானதை மூன்றால் வகுத்து அடுத்த தேவையைப் போடுகிறார்கள். 90 நாளில் 40 நாள் மருந்தே இல்லை, இருந்த 50 நாளில் 5,000 மாத்திரை போயிற்று என்றால், மூன்றால் வகுத்து மாதம் 1,667 என்று வரும். சரியான கணக்கு, 5,000-ஐ மருந்து இருந்த 50 நாளால் வகுத்து 30-ஆல் பெருக்குவது: 3,000. ஏறத்தாழ பாதியைக் கேட்டு வாங்குகிறோம். அது இன்னும் சீக்கிரம் தீர்கிறது, இல்லாத நாள் கூடுகிறது, அடுத்த தேவை அதைவிடச் சிறுக்கிறது.

அந்த 3,000-மும்கூட ரேஷன் போல அளந்து கொடுத்த செலவுதான், தேவை அல்ல. தேவை வேண்டுமென்றால் பதிவான ஆட்களை வைத்துப் போட வேண்டும்: தினம் இரண்டு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர் 120 பேர் என்றால் மாதம் 7,200. அதோடு லாரி தாமதத்துக்கு ஒரு மாத இருப்பு. பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும்.

4. பிரஷர் அளவு. பதிவேட்டைத் திறந்து ஒரு பக்கம் பாருங்கள்: 130/80, 130/80, 140/90, 130/80. டிஜிட்டல் மெஷின் 137/84 என்றும் காட்டும், 152/91 என்றும் காட்டும். பூஜ்ஜியத்தின் மேல் அதற்குத் தனிப் பிரியம் கிடையாது. எல்லா வரியும் பூஜ்ஜியத்தில் முடிந்தால் மெஷின் வேலை செய்யவில்லை, அல்லது பேட்டரி தீர்ந்துவிட்டது, அல்லது அளக்க நேரமில்லை. நடந்து வந்தவரை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றவைத்து, கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கி, பேச்சுக் கொடுக்காமல் இரண்டு தடவை அளக்க வேண்டும். ஒரு ஆளுக்கு எட்டு நிமிடமாவது ஆகும். அதே ஆளை மாதம் மூன்று தடவை வரவழைத்தால் எட்டு நிமிடத்துக்கு எங்கே போவது? பேட்டரியை, சில்லறைத் தேவைக்கென்று நிலையத்துக்குத் தரும் அன்டைட் நிதியில் வாங்கலாம். நிமிடத்தை எதில் வாங்குவது?

5. "கட்டுக்குள் இருப்பவர்" சதவீதம் போடும்போது வராதவரைக் கழிக்காதீர்கள். 180 பேரில் 100 பேர் வந்து, அதில் 60 பேருக்கு 140/90-க்குக் கீழே இருந்தால், 60 சதவீதம் என்று அறிக்கை போகிறது. பதிவானவர் 180 பேர் ஐயா! 33 சதவீதம். 2017 நவம்பரில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்திலேயே கட்டுக்குள் இருப்பவர், கட்டுக்குள் வராதவர், வராமல் விட்டவர் என்று மூன்றாகப் பிரித்துத்தான் பார்க்கிறார்கள். நாங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. வராதவரைக் கழித்தால் எல்லா ஊரும் நல்ல ஊர்தான்.

6. செவிலியருக்குப் பதிவேடு, ஆப், மறுபடி பதிவேடு. இதைக் குறைக்காமல் அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆகவே நாங்கள் வேண்டுவது:

(அ) சர்க்கரை, பிரஷர் அளவு நிலையாக இருப்பவருக்கு 30 நாள் மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்க எழுத்து மூலம் உத்தரவு.

(ஆ) பதிவேட்டில் "எத்தனை நாளுக்குக் கொடுத்தது" என்று ஒரு கட்டம். ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டால் ஆயிற்று. இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

(இ) மாத அறிக்கையில் வருகை எண்ணுக்குப் பக்கத்தில் ஆள் எண்ணிக்கை. ஒருவர் எத்தனை தடவை வந்தாலும் ஒன்று.

(ஈ) ஒவ்வொரு மருந்தும் இல்லாத நாட்கள் எத்தனை என்று வெளிச்சுவர்ப் பலகையில். இப்போது அந்தப் பலகையில் போன வருட கொசு ஒழிப்பு வாசகம் இருக்கிறது.

(உ) (அ)-வையே மறுபடி எழுதுகிறோம். 30 நாள் மாத்திரை. மற்ற மூன்றையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டுமாவது செய்யுங்கள்.

"நிதி நிலைமைக்கு உட்பட்டு பரிசீலிக்கப்படும்" என்று பதில் வரும் என்று எங்களுக்குத் தெரியும். இதில் நிதி எங்கே இருக்கிறது? மூன்று தடவையாகக் கொடுப்பதும் 90 மாத்திரை, ஒரே தடவையில் கொடுப்பதும் 90 மாத்திரை. முதல் மாதம் மட்டும் கூடுதல் இருப்பு வேண்டும். அதன் பிறகு ஒரு மாத்திரைகூட அதிகம் இல்லை. குறைவது வரிசை, குறைவது எங்கள் கூலி இழப்பு, குறைவது தங்கள் அறிக்கையில் இருக்கும் 540. அந்த 540 குறைந்தால் வட்டார ஆய்வுக் கூட்டத்தில் "ஏன் சேவை சரிந்தது" என்று கேட்பார்கள் என்ற பயத்தில்தான் இது நிற்கிறதா? அப்படியானால் அதையாவது எங்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். கை கட்டி நின்று, மனு எழுதி, ரசீது வாங்கி, குறுஞ்செய்தி படித்து அலுத்துவிட்டது.

கோபத்தில் வார்த்தை மிகுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தங்கள் மேல் மரியாதை குறைந்து எழுதியதல்ல. ஆய்வுக்கு வந்தபோது செவிலியரின் பதிவேட்டைத் தாங்களே உட்கார்ந்து புரட்டினீர்கள். அதனால்தான் மறுபடி ஆட்சியரிடம் போகாமல் தங்களுக்கே எழுதுகிறோம். அடுத்த முறை தேதி சொல்லாமல் வாருங்கள், ஏதாவது ஒரு மாதத்தின் 20-ஆம் தேதிக்கு மேல். பதிவேட்டில் உள்ள பத்துப் பேர் வீட்டுக்குப் போய், "மாத்திரை அட்டையைக் காட்டுங்கள், எத்தனை மிச்சம் இருக்கிறது?" என்று மட்டும் கேளுங்கள். அரை நாள் வேலை.

இந்த மனுவுக்குப் பதில் எழுதும்போது, நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று எழுதி முடித்து வைக்காமல், எங்கள் துணை நிலையத்தில் எத்தனை பேருக்கு 30 நாள் மாத்திரை முழுதாகக் கிடைத்தது என்ற எண்ணை எழுதி அனுப்புமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குழு உறுப்பினர்கள் மற்றும் பொதுமக்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் பின்பக்கம்)

இணைப்பு: முந்தைய மனு ரசீது, கிராம சபைத் தீர்மான நகல், வெறும் மாத்திரை அட்டைகள் மூன்று.