'க்ரோனோ டிரிக்கர்' சுபமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், 'க்ரோனோ டிரிக்கர்' விளையாட்டு சுபமாக முடியுமா என்ற கேள்விக்கு 'உலகம் தப்பிக்கிறது, எனவே சுபம்' என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. உலகம் தப்பிப்பது உண்மைதான். யார் யாருக்குச் சுபம் என்பது, ஆடுகிறவர் வழியில் எதைச் செய்தார், எதை விட்டார் என்பதைப் பொறுத்தது. 1995-இல் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட, காலப்பயணக் கதை சொல்லும் இந்த வீடியோ விளையாட்டின் பெருமையே அதில்தான் இருக்கிறது. இப்போது போனிலும் கிடைப்பதால், புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். கதை முன்னதாகத் தெரியவேண்டாம் என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

நாயகன் க்ரோனோ பாதியில் கடலடி அரண்மனையில் இறந்துபோகிறான். அவனை மீட்காமலே, உலகை அழிக்கவரும் லாவோஸ் என்ற அரக்கனை வீழ்த்தி ஆட்டத்தை முடிக்கலாம், யாரும் தடுப்பதில்லை. மீட்க நினைப்பவர்கள் காஸ்பர் என்ற கிழவரிடம் அவனை மீட்க உதவும் மாய முட்டையை வாங்கினால் மட்டும் போதாது, அவன் இடத்தில் வைக்க க்ரோனோவைப் போன்ற பொம்மையும் வேண்டும். கி.பி. 1000-இன் திருவிழாவில் பெக்லரின் கூடாரத்துக்குப் போய் 40 வெள்ளிப் புள்ளி கட்டி, எதிரே நிற்கும் உருவம் செய்வதை அப்படியே திருப்பிச் செய்துகாட்ட வேண்டும். போகப்போக வேகம் கூடும், விரல் தடுமாறும். தவறினால் 40 புள்ளியும் போச்சு. அதே மைதானத்தில் பாட்டுப் பாடும் காட்டோ ரோபோவை ஒருமுறை வென்றால் 15 புள்ளி. மூன்று வெற்றியில் கணக்கு சரியாகிவிடும் என்றாலும், ஆறு முறை அடித்து 90 புள்ளி சேர்த்துக்கொண்டு உள்ளே போவது நல்லது. வென்ற பொம்மை க்ரோனோவின் வீட்டில் இருக்கும். அதை எடுக்க மறந்து, அவனை மீட்கும் இடமான மரணச் சிகரம் வரை போய்த் திரும்புவோர் உண்டு. சிகரத்தில் காற்று வீசும்போது மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, ஓய்ந்ததும் ஓட வேண்டும்.

க்ரோனோவின் தோழி லுக்காவின் அம்மா கதை இன்னும் கடுமை. பாலைவனத்தைக் காடாக்க, நண்பர் கூட்டத்து இயந்திர மனிதன் ரோபோ 400 ஆண்டு உழைத்து முடித்த இரவில், லுக்காவுக்கு மட்டும் வேறு காலத்துக்குப் போகும் சிவப்புக் காலவாசல் ஒன்று திறக்கும். உள்ளே அம்மாவின் கால் இயந்திரத்தில் சிக்கும் நாள். பழைய கன்சோலில் எல், ஏ, ஆர், ஏ பொத்தான்களை அதே வரிசையில் அழுத்தினால் இயந்திரம் நிற்கும்; அது அம்மாவின் பெயர். தவறவிட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒன்று பாக்கி நிற்கும். வடக்கு முனையில் மேகஸ் என்ற மந்திரவாதியைக் கொன்றால், அவன் இட்ட சாபம் நீங்கி நம் கூட்டத்துத் தவளை வீரன் முடிவுக்காட்சியில் மனித உருவம் பெறுகிறான். கொல்லாமல் விட்டால் மேகஸ் நம்மோடு சேர்ந்து, கடைசியில் தன் அக்கா ஷாலாவைத் தேடிப் போகிறான். அவள் கிடைப்பதாக அந்த ஆட்டம் காட்டுவதில்லை. இரண்டு நிம்மதியும் ஒரே ஆட்டத்தில் வாய்க்காது. இதை எழுதியவர்கள் தெரிந்தே செய்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பிரிவுக்காட்சியும் அப்படித்தான். மாசி மகத்தன்று நம் வைத்திக்குப்பம் கடற்கரையில் மயிலம் முருகனும் சுற்றுவட்டாரத்துச் சாமிகளும் ஒன்றுகூடித் தீர்த்தவாரி முடிந்ததும் அவரவர் ஊருக்குத் திரும்புவதுபோல, திருவிழாவின் கடைசி இரவில் ஒவ்வொருவரும் தத்தம் காலத்துக்குத் திரும்புகிறார்கள். வித்தியாசம், காலவாசல் மூடிக்கொள்கிறது. கிளம்பும் ரோபோவைப் பார்த்து லுக்கா அழுவது இதனால்தான்: எதிர்காலத்தை மாற்றிவிட்டோம், அந்த எதிர்காலத்தில் ரோபோ பிறப்பானா? காலத்தில் பயணிக்கும் எபோக் வாகனம் மிஞ்சியிருந்தால் நண்பர்கள் மறுபடி பயணம் கிளம்புகிறார்கள். அதை லாவோஸின் ஓட்டில் மோதி உடைத்திருந்தால் க்ரோனோவும் இளவரசி மார்லும் பலூன்களோடு வானில் மிதக்கிறார்கள்.

இன்னொரு தரப்பு, க்ரோனோ வாழும் கார்டியா நாடே எரிந்துபோகிறதே, இதில் சுபம் ஏது என்று வாதாடும். அந்தக் காட்சி 1999-இல் பிளேஸ்டேஷன் பதிப்பில் சேர்க்கப்பட்டது, அதே ஆண்டு வந்த அடுத்த விளையாட்டான 'க்ரோனோ கிராஸ்' கதைக்குப் பாலமாக. 1995-இன் முடிவை அதை வைத்து எடைபோடுவது நியாயமில்லை.

எனவே அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள்: வடக்கு முனைக்குப் போகும் முன் தனியாக ஒரு சேவ் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேகஸின் இரண்டு முடிவுகளையும் பார்க்க முதலிலிருந்து ஆடவேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.