இணைய ஏலத்தில் கள்ளன் எந்தப் பக்கம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் இணைய ஏலத் தளங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வாங்குபவர்களுக்குச் சொல்லியிருந்த எச்சரிக்கைகளில் குறை இல்லை. ஆனால் விற்பவன் மட்டும்தான் எத்தன், வாங்குபவர் அத்தனை பேரும் அப்பாவிகள் என்ற தொனி நெருடியது. குமுளியில் ஏலக்காய்க் கடையொன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். பழைய நாணயம் சேர்ப்பது நெடுநாள் பழக்கம். ஒன்றுக்கு இரண்டாகச் சேர்ந்துவிட்டால் ஏலத்தில் விற்பதும் உண்டு. ஆகவே இரு தரப்பின் லட்சணமும் ஓரளவு தெரியும்.

விற்பவர்களிடமிருந்தே தொடங்குகிறேன். இது பழைய திருவிதாங்கூர் மண். பீர்மேடு, வண்டிப்பெரியாறு பக்கம் சில தோட்டக் குடும்பங்களின் டிரங்குப் பெட்டிகளில் அந்தக் கால நாணயங்களான சக்கரமும் காசும் இன்னும் கிடக்கின்றன. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய் என்று வாய்ப்பாடாகச் சொல்லும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். திருவிதாங்கூரின் கடைசி மன்னர் சித்திரைத் திருநாள் காலத்துச் சக்கரத்தில் 1114 என்று ஆண்டு இருக்கும். அது மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டு. ஆங்கிலக் கணக்கில் 1938-39. இதைத்தான் ‘900 ஆண்டுப் பழைமையான சேர நாட்டு நாணயம்’ என்று ஏலத்தில் போடுகிறார்கள். அதே காசில் ‘ஒன் சக்ரம்’ என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கிறதே, சேர மன்னர் எந்த கான்வென்ட்டில் படித்தார் என்று கேட்க ஆள் இல்லை. விலை ஏறிக்கொண்டே போகிறது.

அடுத்தது அனுமன் படமும் ராமர் பட்டாபிஷேகமும் போட்ட ‘கிழக்கிந்தியக் கம்பெனி 1818’ காசுகள். கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை அடித்ததே இல்லை. பிற்காலத்தில் யாரோ அடித்து விற்ற வில்லைகள் அவை. காந்தம்போல் அரிசியை இழுக்கும், இரிடியம் என்ற அரிய உலோகம் கலந்தது என்று கதை கட்டி, தேனியிலிருந்து கொல்லம் வரை எத்தனை குடும்பங்களின் நகையை விழுங்கியிருக்கிறார்கள் இந்தக் கும்பல்கள்! டிராக்டர் படம் போட்ட பழைய 5 ரூபாய் நோட்டுக்கு லட்சம் தருகிறோம் என்பதும் இதே வகைதான். இங்கே ஏமாற்றுபவர் வாங்குபவராக வருகிறார். ‘பதிவுக் கட்டணம்’, ‘வரி’ என்று முன்பணம் கறக்கிறார். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது.

பினாமியை வைத்து ஏலம் கேட்பது இதைவிட நுட்பமானது. தன் பொருளுக்குத் தானே வேறு பெயரில், அல்லது மைத்துனன் பெயரில், விலை ஏற்றுவது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு போலி ஓவியத்தை ஈபே என்ற இணைய ஏலத் தளத்தில் போட்டு, கூட்டாளிகளின் பல கணக்குகளிலிருந்து கேட்டுக் கேட்டு 1,35,805 டாலர் வரை கொண்டு போனார்கள். பிறகு அந்த விற்பனை ரத்தாகி, வழக்கும் ஆனது. நம் ஊர் ஏலங்களில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கேட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள். ஒரே விற்பனையாளரின் பொருட்களை மட்டுமே ஒருவர் விடாமல் கேட்கிறார், கடைசி வரை வந்து தோற்கிறார், தப்பித் தவறி ஜெயித்துவிட்டால் அதே பொருள் அடுத்த வாரம் மறுபடி ஏலத்துக்கு வருகிறது என்றால், கணினியை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

இனி, கட்டுரையாளர் தொடாத வாங்குபவர்கள். கேட்டு ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாமல் காணாமல் போகிறவர்களால் பெரிய நஷ்டம் இல்லை, எரிச்சல்தான். ‘ராணுவத்தில் இருக்கிறேன், க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடும்’ என்பவர்களை இப்போது பலருக்கும் தெரியும். பணம் வருவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டாலே பணம் போகிறது என்று பொருள்.

நாணயக்காரர்கள் நடுங்குவது ‘திருப்பி அனுப்பும்’ ஆசாமிகளைக் கண்டுதான். 1938-ஆம் ஆண்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் ஒன்றை விற்றேன். நல்ல வெள்ளி. அனுப்பும் முன் தராசில் வைத்துப் படம் எடுத்தேன், 11.6 கிராம் காட்டியது. வாங்கியவர், ‘இது போலி, பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று தளத்தில் புகார் செய்தார். தளம் உடனே அவருக்குப் பணத்தைத் திருப்பியது. எனக்கு நாணயம் வந்தது. அதே ஆண்டு, அதே மன்னர் தலை. ஆனால் எடை 10 கிராமைக்கூட எட்டவில்லை. விளிம்பில் இருக்க வேண்டிய பற்கள் மழுங்கி, வார்ப்பின் இணைப்பை அரத்தால் ராவிய கோடு சுற்றிலும் ஓடியது. மேசையில் போட்டால் வெள்ளியின் கணீர் ஓசைக்குப் பதில் தகரம்போல் ‘டக்’ என்றது. எடைப் படம், உறையில் போட்டு ஒட்டும் வீடியோ எல்லாவற்றையும் அனுப்பினேன். குறைதீர்ப்புப் பிரிவு வாங்குபவர்களுக்கானது என்று அச்சடித்ததுபோல் ஒரு பதில் வந்தது. அந்த மனிதர் இன்றும் அதே பெயரில் ஏலம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு நட்சத்திரங்கள் வேறு!

ஈபே 2008-லேயே, வாங்குபவரைப் பற்றி விற்பவர் எதிர்மறையாக எழுத முடியாதபடி செய்துவிட்டது. கோபத்தில் பழிவாங்கும் மதிப்புரைகளைத் தடுக்கவே என்றார்கள். அந்தக் காரணம் பொய்யல்ல. ஆனால் அடுத்த விற்பனையாளரை எச்சரிக்க இருந்த ஒரே வழியும் அத்துடன் அடைபட்டது. அந்த நிறுவனத்தின் இந்தியத் தளம் 2018-ல் மூடப்பட்ட பிறகு, நாணயம் சேர்ப்பவர்களில் பலர் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் குழு ஏலங்களுக்குப் போய்விட்டோம். அங்கே புகார் சொல்ல அட்மினைத் தவிர நாதி இல்லை. பல இடங்களில் அட்மின்தான் விற்பவரும்.

எங்கள் பகுதியில் இன்னொரு மின் ஏலமும் நடக்கிறது. போடியிலும் புற்றடியிலும் ஏலக்காய் கணினி வழியாகத்தான் விலை போகிறது. உரிமம் இல்லாதவர் அங்கே விலை கேட்க முடியாது. ஏலம் நடத்தும் நிறுவனம் பிணை கட்டியிருக்க வேண்டும். சாம்பிளைக் கையில் வாங்கி, நசுக்கி, முகர்ந்து பார்த்த பிறகுதான் வியாபாரி பொத்தானை அழுத்துவார். அங்கேயும் உத்தமர்கள் மட்டும் இல்லை. சாயம் ஏற்றிய காய் வரும். வாங்கிய சரக்கையே மீண்டும் ஏலத்தில் விட்டு விலையை ஆட்டும் ‘ரீபூலிங்’ பற்றி விவசாயிகள் கத்தாத நாள் இல்லை. ஆனாலும் பணம் கட்டாதவர் யார் என்பது மறுநாள் கடைத்தெருவுக்கே தெரியும். பொருள் ஏலத் தளங்களில் ஒரு மின்னஞ்சல் முகவரி போதும், எவரும் விற்கலாம், எவரும் கேட்கலாம். விலைமதிப்புள்ள பொருட்களுக்காவது கேட்பவரிடம் ஒரு சிறு முன்வைப்புத் தொகை வாங்கினால், விளையாட்டுக்குக் கேட்பவர்களும் பினாமிகளும் பாதிக்கு மேல் ஓடிவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

சட்டத்திலும் ஒரு சந்து இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிகம்) விதிகள், 2020 படி, விவரித்ததற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. குறைதீர்ப்பு அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நல்ல விதிகள். ஆனால் தொழிலாக, தொடர்ச்சியாகச் செய்யாமல் சொந்த முறையில் விற்கும் தனிநபருக்கு இவை பொருந்தா. பெட்டியைச் சுத்தம் செய்யும்போது கிடைத்ததை விற்கும் பாட்டியைக் காப்பாற்ற எழுதிய விலக்கு அது. மாதந்தோறும் போலிக் காசுகளை மூட்டையாக விற்பவனும் ‘தாத்தா பெட்டியில் கிடைத்தது’ என்று எழுதிப் பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். ஒருவர் ஆண்டுக்கு எத்தனை தாத்தாக்களின் பெட்டியைத் திறக்கிறார் என்பது தளத்தின் கணினிக்குத் தெரியாதா? ஓர் அளவுக்கு மேல் விற்பவரை வணிகர் என்று குறித்து, முகவரியை வெளியிடச் சொல்வதில் தொழில்நுட்பச் சிக்கல் எதுவும் இல்லை. கமிஷன் குறையும் என்ற கவலைதான்.

எங்களைப்போல் தமிழ்நாடு-கேரள எல்லையோரத்தில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஏமாற்றியவன் அந்த மாநிலத்துக்காரன், அங்கே போய்ப் புகார் கொடு என்று காவல் நிலையத்தில் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆவது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். பணம் பறிபோனவுடன் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தால், அது கைமாறுவதற்குள் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. வணிகரிடம் வாங்கி ஏமாந்தவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். குமுளிக்காரர் இடுக்கியிலும், மலை இறங்கினால் கூடலூர்க்காரர் தேனியிலும். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது.

உங்கள் இதழுக்கு ஒரு வேண்டுகோள். இந்தத் தளங்களின் குறைதீர்ப்பு அலுவலர் யார், எப்படித் தொடர்பு கொள்வது என்ற விவரங்களைத் தளத்திலேயே வெளியிட வேண்டும் என்பதும் மேலே சொன்ன மின் வணிக விதிகளில் இருக்கிறது. பல தளங்களில் அதைத் தேடி எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். உங்கள் நிருபர் ஒருவரை உட்கார வைத்து, அந்த விவரங்களைத் திரட்டி ஒரு பக்கத்தில் அச்சிடுங்கள். எந்தத் தளத்தில் அது கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குமுளி, இடுக்கி மாவட்டம்.