சதவீதத்தோடு கேள்வியையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மன அழுத்தம் பற்றி வந்த கட்டுரையில் பத்திக்குப் பத்தி சர்வே சதவீதங்கள். எல்லாம் சரி, பதில் சொன்னவர்களிடம் என்னதான் கேட்டார்கள்? ஒரு கேள்விகூடக் கட்டுரையில் இல்லையே!

உளவியல் ஆய்வுகளுக்காகச் சில வருடங்கள் வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்பியவள் நான். அதனால் சதவீதத்தைப் பார்த்தால் கேள்வியைத்தான் மனம் முதலில் தேடும்.

ஜெர்மனியில் உளவியலாளர் நோர்பர்ட் ஷ்வார்ஸும் சக ஆய்வாளர்களும் நடத்தி 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. தினமும் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. ஒரு குழுவுக்குத் தந்த பதில் கட்டங்கள் ‘அரை மணி நேரம் வரை’ என்று தொடங்கி ‘இரண்டரை மணிக்கு மேல்’ என்று முடிந்தன. இன்னொரு குழுவுக்கு ‘இரண்டரை மணி வரை’ என்பதே முதல் கட்டம். கடைசி, நாலரை மணிக்கு மேல். இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 16.2 சதவீதம், இரண்டாவதில் 37.5. கேள்வி அதேதான், கட்டங்கள்தான் வேறு. டிவி பார்த்த நேரத்தை யாரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. பட்டியலின் நடுவில் இருப்பதுதான் ஊர் வழக்கம்போல என்று நினைத்து, அதற்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ டிக் அடித்துவிடுகிறோம். டிவிக்கே இந்தக் கதி என்றால், ‘அடிக்கடி மனம் சோர்கிறதா?’ என்ற கேள்வியில் அந்த ‘அடிக்கடி’ ஆளுக்கு ஆள் என்னவாகும்?

அப்புறம் ‘உடன்படுகிறேன், உடன்படவில்லை’ வகை: ஒரு வாக்கியத்தை வாசித்து, அதோடு எவ்வளவு உடன்படுகிறீர்கள் என்று கேட்பது. அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்த முறை, இன்றும் ஓடுகிறது. முறையில் தப்பில்லை, வாக்கியம் எழுதுகிறவர்கள்தான் படுத்துகிறார்கள். ‘என் வேலையும் குடும்பமும் எனக்கு நிறைவளிக்கின்றன’ என்று நான் வாசித்ததும் ஒருவர் சிரித்துக்கொண்டே, “எதுக்கும்மா பதில் சொல்ல, வேலைக்கா, வீட்டுக்கா?” என்றார். என்னிடமும் பதில் இல்லை. ‘நடுநிலை’யில் டிக் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். தெரியாதவர், சொல்ல விரும்பாதவர், சீக்கிரம் ஆளை விட்டால் போதும் என்றிருப்பவர் எல்லோரும் கடைசியில் வந்து சேரும் இடம் அந்த நடுக் கட்டம்தான்.

இன்னொரு வீட்டில், கடந்த 2 வாரங்களில் தூக்கம் எப்படி என்று ஒரு அம்மாவிடம் கேட்டேன். பக்கத்தில் கணவரும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். “அதெல்லாம் நல்லாத் தூங்குறேன்” என்றார். வாசல்வரை என்னை வழியனுப்ப வந்தவர் செருப்பு மாட்டும்போது மெதுவாக, “ராத்திரி பூரா முழிச்சுத்தான் இருக்கேன்மா” என்றார். படிவத்தை மாற்றலாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டதற்கு, பேட்டியில் சொன்னதுதான் கணக்கு என்றார். விதிப்படி அவர் சொன்னது சரி. படிவத்தை அந்த அம்மா கையிலேயே கொடுத்து, யார் கண்ணிலும் படாமல் நிரப்ப விட்டிருந்தால் வேறு கட்டத்தில் டிக் விழுந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நிறையப் பேரிடம் கேட்டுவிட்டால் இதெல்லாம் சரியாகிவிடும் என்பவர்களுக்கு 1936 அமெரிக்கத் தேர்தலைத்தான் சொல்வேன். ‘லிட்டரரி டைஜஸ்ட்’ பத்திரிகைக்கு யாருக்கு ஓட்டு என்று நிரப்பிய 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகள் திரும்பி வந்தன. அதை வைத்து லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ஆனால் அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார்.

சர்வேயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் மனதில் இருப்பதை அவரிடம் கேட்காமல் வேறு எப்படித் தெரிந்துகொள்வது? நான் கேட்பது ஒரு சின்னப் பெட்டிச் செய்திக்கான இடம்தான்: கேட்ட கேள்வி, தந்த கட்டங்கள், எத்தனை பேரை அணுகியதில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள், அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், நேரில் கேட்டதா ஆன்லைனிலா. சென்ற இதழ்க் கட்டுரையின் கேள்வித்தாள் கிடைத்தால் அடுத்த இதழிலேயே போடலாமே.

இப்படிக்கு,
முன்னாள் கள ஆய்வாளர், வாசகி