2024–25 ஆண்டறிக்கை: டிசம்பர் 26ஐ இனி எப்படி நினைப்பது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும், மகளிர் குழுவினருக்கும், வந்திருக்கும் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன்பிடி தடைக்காலத்தில் படிப்பகத்துக்கு வெள்ளை அடித்து, ஒழுகிய ஓடுகளை மாற்றினோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு தொடர்ந்து நடக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த ஆண்டு சங்கத்தில் அதிகம் பேசப்பட்டது சுனாமி நினைவு நாளைப் பற்றித்தான். 2004 டிசம்பர் 26 போய் இருபது ஆண்டுகள் ஆகிவிட்டன. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேரை அள்ளிக்கொண்டு போன அலையில் 6,000 பேருக்கு மேல் அன்றைய நாகை மாவட்டத்துக்காரர்கள், அல்லது வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸுக்கு வந்த விருந்தாளிகள். இருபதாம் ஆண்டை ஒட்டி ஊர் முகப்பில் பெரிய நினைவு வளைவு கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. வெளியூரில் இருக்கும் நம் பிள்ளைகள் பணம் தருவதாகவும் சொன்னார்கள். அவர்களுடைய மனசுக்கு நன்றி.

ஆனால் பொதுக்கூட்டத்தில், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஓர் அக்கா எழுந்து பேசினார். "வளைவு கட்டுங்க, வேணாங்கல. மொதல்ல எம்புள்ளைங்க பேரைத் தப்பில்லாம எழுதுங்க." அதற்கு மேல் அவர் பேசவில்லை. இறந்தவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்த நாட்களின் அவசரத்தில் யார் யாரோ சொல்லி எழுதியது அது. வீட்டில் கூப்பிடும் பெயர் ஓரிடத்தில், பள்ளிப் பெயர் ஓரிடத்தில், அப்பா பெயர் மாறிப்போய் ஓரிடத்தில் என்று கிடந்தது.

அப்புறம்தான் வீடு வீடாகப் போனோம். மகளிர் குழுவினர்தான் முன்னால் நின்றார்கள். சில வீடுகளில் உட்கார்ந்த உடனே பேசினார்கள். சில வீடுகளில் டீ மட்டும் குடித்துவிட்டு வந்தோம். இரண்டு மாதம் கழித்து அவர்களே கூப்பிட்டு அனுப்பினார்கள். பெயர் வைப்பதற்கு முன்பே போய்விட்ட குழந்தையை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நோட்டை மூடினோம். அந்தக் குழந்தையின் பாட்டிதான், "முத்துன்னுதான் கூப்பிட்டோம், அதையே எழுதுங்க" என்றார். முத்து என்றே எழுதியிருக்கிறது. ஊர் பேர் தெரியாமல் நம் மண்ணில் அடக்கமானவர்களுக்கும் பட்டியலின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அவர்களுக்கும் எங்கோ ஒரு வீடு இருக்கும்.

இந்த டிசம்பர் 26 அன்று மௌன ஊர்வலமும், கடலில் பால் ஊற்றிப் பூப்போடுவதும் எப்போதும்போல் நடந்தன. மேடைப் பேச்சு மட்டும் இல்லை. பெயர்களை வாசித்தோம், வாசித்தவர்கள் எல்லோரும் 2004க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். இறந்தவர்களின் படத்தைத் தவிர வேறு யார் முகம் போட்ட ஃபிளெக்ஸும் அன்று கடற்கரையில் வேண்டாம் என்று தீர்மானித்திருந்தோம். எல்லாக் கட்சிக்காரர்களும் அதை மதித்தார்கள். இது இனி ஒவ்வோர் ஆண்டும் தொடர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு விஷயம். அன்று சுமத்ரா அருகே நிலம் நடுங்கியது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்கு. நம் கரைக்கு அலை வந்தது ஒன்பது மணி வாக்கில். நடுவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் மணலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். புதுச்சேரி பக்கம் நல்லவாடு கிராமத்தில் மட்டும் கதை வேறு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் போனில் எச்சரிக்க, ஊருக்குத் தகவல் சொல்லும் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றிவிட்டார்கள். ஒரு போன், ஒரு ஒலிபெருக்கி. இருபது ஆண்டுகளாக என்னைத் தூங்கவிடாத செய்தி இது.

இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை வந்ததும், கரையோர மக்கள் மேட்டுக்கு ஓடியதும் உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய அலை வரவில்லை, நல்லது. ஆனால் நடுராத்திரியில், கரண்ட் போய், டவரும் இல்லாத நேரத்தில் கடைசி வீட்டுக்கு யார் சொல்வது? அந்த வேலை நம்முடையது. ஆகவே வளைவுக்கு வந்த பணத்தில், கொடுத்தவர்களின் சம்மதத்தோடு, பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கியும், கையால் சுற்றி ஒலிக்கும் அபாயச் சங்கும் வாங்கினோம். மீதியில் பெயர்ப் பலகைக்குக் கருங்கல் சொல்லியிருக்கிறோம்.

ஒத்திகையும் நடத்தினோம். கடல் உள்வாங்கினால் என்ன செய்வீர்கள் என்று பள்ளியில் கேட்டதற்கு, ஒரு பையன் "மீன் பொறுக்குவேன்" என்றான். பெரியவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று அப்படிப் போனவர்கள்தான் திரும்பவில்லை. உள்வாங்கினால் ஓட வேண்டும், உள்வாங்காமலும் அலை வரும், முதல் அலை வடிந்ததும் வீட்டைப் பார்க்கத் திரும்பக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். புயல் பாதுகாப்பு மையத்துக்குப் போகும் சந்தில் வலையும் ஐஸ் பெட்டியும் அடைத்துக்கொண்டிருந்தன. அதிலேயே பாதி நேரம் போனது. ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டு வரமாட்டேன் என்று ஓர் ஆயா நின்றுவிட்டார். நடக்க முடியாதவர்களுக்கும், அந்த ஆயாவுக்கும், தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் பொறுப்பேற்றிருக்கிறார்கள். ஒடிசாவில் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு மீனவ ஊர்கள், வழி வரைபடம், அறிவிப்புப் பலகை, ஒத்திகை எல்லாம் சரியாக வைத்திருந்து 2020இல் யுனெஸ்கோவின் 'சுனாமிக்குத் தயார்' அங்கீகாரம் பெற்றன. நாமும் விண்ணப்பிக்க வேண்டும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு: பாதுகாப்பு மையச் சந்தில் பொருள் வைக்கத் தடை, ஆண்டுக்கு இரண்டு ஒத்திகை, அதில் ஒன்று இரவில். பெயர்ப் பட்டியல் படிப்பகத்தில் ஒட்டியிருக்கிறது. கல்லில் வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டாரும் வந்து பார்த்து, திருத்தம் இருந்தால் பொங்கலுக்குள் சொல்லிவிடுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவர்களுக்கு மாலையில் மகளிர் குழுவினர் வாசித்துக் காட்டுவார்கள்.

இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்